கடையாணி முதல் வீல் ஸ்பேனர் வரை



இன்று கொஞ்சம் நீளமான பதிவு. பொங்கலுக்குச் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் காரில் ஊருக்கு வரப்போகிறவர்கள் கடைசி வரை படித்துவிடுங்கள்.

போன வாரம் பழைய மாணவர் குழுவில் ஒருவர் என்னை "நெம்புகோல் டீச்சர்" என்று எழுதிவிட்டு, உடனே அழித்துவிட்டார். அழித்திருக்க வேண்டாம். அந்தப் பட்டப்பெயர் எனக்கு 1990-களிலேயே தெரியும். கடப்பாரையையும் செங்கல்லையும் வகுப்புக்குள் கொண்டுவந்து, இருப்பதிலேயே ஒல்லியான பெண்ணைக் கூப்பிட்டு, ஆசிரியர் மேசையைத் தூக்க வைத்தால் வேறு என்ன பெயர் வைப்பீர்கள்? "பலம் கையில் இல்லை, கோலின் நீளத்தில் இருக்கிறது" என்று 31 வருஷம் சொன்னவள் நான்.

அந்த நெம்புகோல் டீச்சர் ஒரு ராத்திரி நெடுஞ்சாலையில் தலைகுனிந்து நின்ற கதையை உங்களுக்குச் சொன்னதில்லை.

ஓய்வு பெற்ற மறு வருஷம். சென்னையிலிருந்து விழுப்புரம் வருகிறோம். மகள்தான் கார் ஓட்டுகிறாள். பின் சீட்டில் நானும் மூன்று வயதுப் பேத்தியும். திண்டிவனம் தாண்டி, கூட்டேரிப்பட்டும் தாண்டியாகிவிட்டது. மணி ஒன்பதரை இருக்கும். பின் சக்கரம் தடதடவென்று ஆட ஆரம்பித்தது. மகள் ஓரம் கட்டினாள். இடது பின் டயர் தட்டையாகக் கிடந்தது.

மகள் பயப்படவில்லை. டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியையும் ஜாக்கியையும் எடுத்தாள். காரோடு கொடுத்திருந்த எல் வடிவ வீல் ஸ்பேனரை எடுத்தாள். அது என் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைதான் நீளம் இருக்கும். நட்டில் மாட்டி அழுத்தினாள். அசையவில்லை. காலால் மிதித்தாள். அசையவில்லை. ஏறியே நின்றாள். ஸ்பேனர் வழுக்கிக்கொண்டு வந்து சாலையில் விழுந்தது. தாங்கப் போன என் கை கிழிந்தது. நட்டின் முனைகள் மழுங்கிப்போயின. பக்கத்தில் லாரிகள் போகும் காற்றில் கார் ஆடுகிறது. பேத்தியைத் தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் தூக்கிக்கொண்டு போய் நின்றேன். அந்த அரைமணி நேரத்தை இப்போது நினைத்தாலும் வயிற்றைப் பிசைகிறது.

ஒரு லாரி நின்றது. டிரைவர் இறங்கி வந்து பார்த்தார். "கன்னுல இறுக்கியிருக்காங்கம்மா" என்றார். எங்கள் ஸ்பேனரின் பிடியில் ஒரு இரும்புக் குழாயைச் செருகினார். முனையைப் பிடித்து மெதுவாக அழுத்தினார். 'டக்' என்று ஒரு சத்தம். நட்டு விட்டுக்கொடுத்தது. "பலத்துல ஒண்ணும் இல்லம்மா, நீளத்துலதான் இருக்கு" என்று எனக்கே பாடம் சொன்னார். மழுங்கிய நட்டுக்குத் தன் பெட்டியிலிருந்து வேறொரு சாக்கெட் கொண்டுவந்து கழற்றினார். காசு கொடுத்தேன், வாங்கவில்லை.

மூன்று வாரம் முன்புதான் ஒரு கடையில் புது டயர் மாற்றியிருந்தோம். நட்டுகளைக் காற்று கன்னால் "டர்ர்ர்" என்று இறுக்கியபோது நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். கணக்கு போடத் தெரிந்தவள் போட்டுப் பார்க்கவில்லை.

கைக் காயம் ஆறிய பிறகு, இந்தச் சின்னக் கருவியின் கதையைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படித்ததை உங்களுக்குச் சொல்லாமல் இருக்க முடியுமா?

முதலில் நம் மாட்டு வண்டி. என் சிறு வயதில் திண்டிவனம் சந்தைக்கு மல்லாட்டை மூட்டை ஏற்றிக்கொண்டு வண்டிகள் வரிசையாக வரும். அந்த மரச் சக்கரத்தை அச்சில் நிறுத்தி வைப்பது ஒரே ஒரு கடையாணி. வண்டி மை போட வேண்டுமென்றால் கடையாணியைத் தட்டி உருவுவார்கள். சக்கரம் வெளியே வந்துவிடும். மரையும் கிடையாது, ஸ்பேனரும் கிடையாது. சக்கரத்தைக் கழற்றி மாட்டுவது நம் தாத்தாக்களுக்கு ஒரு விஷயமே இல்லை.

ஆச்சரியம் என்னவென்றால், முதலில் வந்த மோட்டார் கார்களில் பெரும்பாலானவற்றுக்கு இந்த வசதிகூட இல்லை. சக்கரம் வண்டியோடு நிலையாகப் பூட்டியது. வழியில் சக்கரத்தை மாற்றலாம் என்ற எண்ணமே அப்போது இல்லை.

1888 ஆகஸ்டில் ஜெர்மனியில் பெர்த்தா பென்ஸ் என்ற அம்மையார், கணவர் கார்ல் பென்ஸ் செய்த வண்டியில் இரண்டு மகன்களை ஏற்றிக்கொண்டு மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்குப் போனார். நூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். ஏறக்குறைய சென்னையிலிருந்து திண்டிவனம் வருகிற தூரம். நெடுந்தூரம் காரில் போன முதல் மனிதர் ஒரு பெண் என்பதை என் மாணவிகள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வழியில் பல பழுதுகளை அவரே சமாளித்தார். ஆனால் பஞ்சர் மட்டும் ஆகவில்லை. ஆக முடியாது. அந்த வண்டியில் காற்றடைத்த டயரே இல்லை.

அதே 1888-இன் கடைசியில்தான் பெல்ஃபாஸ்டில் இருந்த கால்நடை மருத்துவர் ஜான் பாய்ட் டன்லப், காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். 1845-லேயே ராபர்ட் தாம்சன் என்பவர் இதே யோசனைக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார், அது அப்போது எடுபடவில்லை. டன்லப் டயர் சைக்கிளில் ஜெயித்தது. 1895-இல் பாரிஸிலிருந்து போர்டோவுக்குப் போய்த் திரும்பும் பந்தயத்தில் மிஷ்லென் சகோதரர்கள் காற்றடைத்த டயர் போட்ட காரை ஓட்டினார்கள். சுமார் 1,200 கிலோமீட்டர். வழியெல்லாம் பஞ்சர், பஞ்சர், பஞ்சர். பந்தயத்தில் தோற்றார்கள், ஆனால் டயர் நிலைத்தது. உட்கார்ந்து போக மெத்தென்று இருந்தது. கூடவே பஞ்சரும் வந்து சேர்ந்தது.

அந்தக் காலத்தில் பஞ்சர் ஆனால் சக்கரம் வண்டியிலேயே இருக்கும். டயரை நெம்பி உரித்து, ட்யூபை வெளியே இழுத்து, ஒட்டி, திரும்பச் செருகி, கையால் காற்றடிக்க வேண்டும். மழை, சேறு, இருட்டு எதுவானாலும் சாலை ஓரத்திலேயே.

இதற்கு ஒரு வழி 1904-இல் பிறந்தது. வேல்ஸ் நாட்டில் லனெல்லி என்ற ஊர். அங்கே இரும்புச் சாமான் கடை வைத்திருந்த டேவிஸ் சகோதரர்கள், காற்றடைத்த டயரோடு ஆரங்கள் இல்லாத ஒரு வளையம் செய்தார்கள். பஞ்சரான சக்கரத்தின் பக்கத்திலேயே அதைக் கவ்விப் பிடித்துப் பூட்டிவிட்டால் வீடு போய்ச் சேரலாம். லண்டன் டாக்சிகளில் அது பரவியது. அவர்கள் கடை இருந்த தெருவின் பெயர் ஸ்டெப்னி தெரு.

ஆமாம் பிள்ளைகளே, நாம் சொல்லும் அதே "ஸ்டெப்னி"தான். பிரிட்டனில் இன்றைக்கு அந்தச் சொல்லைச் சொன்னால் பலருக்குப் புரியாது. நம் விழுப்புரம் பஞ்சர் கடையில் சொன்னால் சின்னப் பையனுக்கும் புரியும். பிரேசில் நாட்டிலும் அது "எஸ்டெப்பி" என்று வாழ்கிறது. ஒரு தெருவின் பெயர் கடல் தாண்டி வந்து நம் நாக்கில் தங்கிவிட்டது.

ஸ்டெப்னிக்குப் பிறகுதான் முழுச் சக்கரத்தையே கழற்றி மாட்டும் முறைகள் வந்தன. ரட்ஜ் விட்வொர்த் நிறுவனம் நடுவில் ஒரே பெரிய மரை வைத்தது. சாங்கி நிறுவனம் எஃகுத் தகட்டை அழுத்திச் செய்த சக்கரங்களை விற்றது. கடைசியில் எளிய வழி ஒன்று வென்றது. நான்கைந்து போல்ட், நான்கைந்து நட்டு, ஒரு ஸ்பேனர். கடையாணி காலத்தில் நமக்கு இருந்த சுலபம், சுற்றிச் சுற்றி வந்து காருக்கும் கிடைத்தது. யார் வேண்டுமானாலும் சக்கரத்தைக் கழற்றலாம் என்பதுதான் அதன் அர்த்தம். டோரதி லெவிட் என்ற பந்தய வீராங்கனை 1909-இல், பெண்கள் காரைத் தாங்களே பராமரித்து ஓட்டக் கற்றுக்கொள்ள ஒரு புத்தகமே எழுதினார்.

இனி ஸ்பேனரின் கதை. இந்தச் சொல் ஜெர்மன் மொழியிலிருந்து வந்தது. பழைய காலத்துத் துப்பாக்கி ஒன்றில் சக்கரம் போன்ற ஒரு பகுதியை வில்லோடு முறுக்கி வைக்க ஒரு சாவி இருந்தது, அதற்குத்தான் முதலில் அந்தப் பெயர். துப்பாக்கிச் சாவியாகப் பிறந்தது இன்று துப்பாக்கி போன்ற கன்னிடம் தோற்று நிற்கிறது என்று நான் சிரித்துக்கொண்டேன். நம் பழைய மெக்கானிக்குகள் இதைப் "பானா" என்பார்கள். நட்டுக்கும் அதன் உள்ளே ஓடும் திருகு வரைக்கும் நம்மிடம் "மரை" என்ற நல்ல சொல் இருக்கிறது. "மரை கழண்டுபோச்சா?" என்று ஒருவரை ஒருவர் கேலி செய்வீர்களே, அதே மரைதான்.

ஆரம்பத்தில் ஒவ்வொரு பட்டறையின் மரையும் ஒவ்வொரு மாதிரி. ஒருவர் செய்த நட்டு இன்னொருவர் போல்ட்டில் ஏறாது. 1841-இல் இங்கிலாந்தில் ஜோசப் விட்வொர்த் மரைகளுக்கு ஒரே அளவுமுறை சொன்னார். 1864-இல் அமெரிக்காவில் வில்லியம் செல்லர்ஸ் வேறொரு முறை சொன்னார். ஐரோப்பாவில் மில்லிமீட்டர் வந்தது. நம் நாட்டில் 1956-இல் மெட்ரிக் அளவுகளுக்குச் சட்டம் வந்த பிறகும் வெகுகாலம் பட்டறைகளில் இஞ்ச் பானா ஒரு செட், எம்.எம். பானா ஒரு செட் என்று இரண்டும் இருந்தன.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. முக்கால் இஞ்ச் என்பது 19.05 மில்லிமீட்டர். ஆகவே பழைய முக்கால் இஞ்ச் ஸ்பேனர் 19 நட்டில் சரியாக உட்காரும். ஆனால் பதின்மூன்றில் பதினாறு பங்கு இஞ்ச் என்றால் 20.6 தான். அந்த நட்டில் 21 ஸ்பேனரை மாட்டினால் 'கொஞ்சம் லூஸ்தானே' என்று தோன்றும். அந்தக் கொஞ்சம்தான் முனையை மழுக்கும். மன்னிக்கவும், மேலே பங்கைத் தலைகீழாக எழுதிவிட்டேன். பதினாறில் பதின்மூன்று பங்கு என்று படியுங்கள். வயசாகிவிட்டது.

இன்னொரு பழைய நினைவு. ஆசிரியர் பயிற்சி படிக்கும்போது நான் போன பேருந்து பஞ்சர் ஆகி நின்றது. எல்லோரும் புளியமரத்தடியில் உட்கார்ந்துவிட்டோம். நடத்துநர் நீளக் குழாயில் ஏறி நிற்க, ஓட்டுநர் "இந்தப் பக்கம் எதிர்மரை, மாத்திச் சுத்து" என்று கத்தினார். எனக்கு அன்று புரியவில்லை. அந்தக் காலத்து லாரி, பேருந்துகளில் இடது பக்கச் சக்கரங்களுக்கு இடமரை வைப்பார்கள். ஓடுகிற ஓட்டத்தில் நட்டு தானாகத் தளராமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. உங்கள் சைக்கிளின் இடது பெடலும் அப்படித்தான், கழற்றிப் பாருங்கள். இன்றைய கார்களில் எல்லாப் பக்கமும் வலமரைதான். இடஞ்சுழியாகத் திருப்பினால் கழலும், வலஞ்சுழியாகத் திருப்பினால் இறுகும்.

டயர் நமக்கு அந்நியப் பொருளாகவே இருந்துவிடவில்லை. திருவொற்றியூரில் பொம்மை பலூன் செய்து தொடங்கிய எம்.ஆர்.எஃப். 1961-இல் டயர் செய்ய ஆரம்பித்தது. இப்போது நம் விழுப்புரத்துக்குப் பக்கத்திலேயே, புதுச்சேரி ஏரிப்பாக்கத்தில் அவர்கள் ஆலை இருக்கிறது. ஸ்பேனர்கள் பெரும்பாலும் வடக்கே ஜலந்தர், லூதியானா பட்டறைகளிலிருந்து வருகின்றன. 1983-இல் மாருதி வந்தது. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோ வந்தது. வாடகைக் கார் டிரைவரிடம் இருந்த ஸ்டீயரிங் நம் பிள்ளைகள் கைக்கு வந்தது. ஸ்பேனர் மட்டும் டிக்கிக்குள்ளேயே உறங்கிப்போனது.

சரி, இப்போது பாடம். கரும்பலகையைப் பாருங்கள்.

திருப்புத்திறன் = விசை × தூரம். சின்னக் கார்களின் சக்கர நட்டை இறுக்க வேண்டிய அளவு, வண்டிக்கு வண்டி மாறினாலும், சுமார் 85 முதல் 120 நியூட்டன் மீட்டர். கணக்குக்கு 100 என்று வைத்துக்கொள்வோம். 25 செ.மீ. ஸ்பேனர் என்றால் 400 நியூட்டன், அதாவது ஏறக்குறைய 40 கிலோ எடையால் அழுத்த வேண்டும். 50 செ.மீ. என்றால் 20 கிலோ போதும். இப்போது கன் அதை 250 வரை இறுக்கிவிட்டது என்று வையுங்கள். 25 செ.மீ. ஸ்பேனரில் 100 கிலோ வேண்டும். என் மகள் 55 கிலோ. ஏறி நின்றாலும் எப்படி அசையும்? அதே மகள் 50 செ.மீ. குழாயின் முனையில் நின்றிருந்தால் கழன்றிருக்கும். தப்பு அவள் பலத்தில் இல்லை, ஸ்பேனரின் நீளத்தில்.

ஆகவே ஸ்பேனர் வாங்கும்போது பார்க்க வேண்டியவை:

முதலில் அளவு. நம் ஊர்க் கார்களில் பெரும்பாலும் 17, 19, 21 மி.மீ. உங்கள் காருக்கு எது என்று கையேட்டில் பாருங்கள், அல்லது மாட்டிப் பாருங்கள். ஆடாமல் உட்கார வேண்டும். வாயின் உள்ளே ஆறு பட்டை உள்ளது நல்லது. பன்னிரண்டு முனை உள்ளது துரு ஏறிய நட்டில் சீக்கிரம் வழுக்கும். வாயைச் சிறிதாக்கிப் பெரிதாக்கும் ஸ்க்ரூ ஸ்பேனரைச் சக்கர நட்டில் வைக்கவே கூடாது.

இரண்டாவது நீளம். இழுத்து நீட்டும் பிடி உள்ள எல் ஸ்பேனர் டிக்கியில் அடங்கும், நீட்டினால் அரை மீட்டருக்கு மேல் வரும். எனக்குப் பிடித்தது இதுதான். கூட்டல் குறி போன்ற நாலு முனை ஸ்பேனர் இன்னொரு வகை. ஒரு கையால் மேலே இழுத்து, மறு கையால் கீழே அழுத்தலாம். பத்தாம் வகுப்பில் 'இரட்டை' என்று படித்தீர்களே, அதுதான். ஸ்பேனர் சாயாது, வழுக்காது, வேகமாகவும் சுற்றலாம். ஆனால் இடத்தை அடைக்கும்.

மூன்றாவது இரும்பு. மலிவான தகட்டு ஸ்பேனர் இரண்டு முறையில் வாய் விரிந்துவிடும். குரோம் வனேடியம் என்று பொறித்த, அடித்துச் செய்ததை வாங்குங்கள். அலாய் சக்கரத்தில் திருட்டுப் பூட்டு நட்டு இருந்தால் அதன் சாவி எங்கே இருக்கிறது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும்.

இனி பயன்படுத்தும் முறை. சாலையை விட்டு எவ்வளவு தள்ளி நிறுத்த முடியுமோ அவ்வளவு தள்ளி, சமமான கெட்டித் தரையில் நிறுத்துங்கள். நான்கு விளக்கும் மின்னட்டும். ஹேண்ட் பிரேக் போட்டு, கியரில் விட்டு, எதிர்ச் சக்கரத்துக்குக் கல் வையுங்கள். முக்கோணப் பலகையைப் பின்னால் தள்ளி வையுங்கள். குழந்தைகள் தடுப்புக்கு அந்தப் பக்கம் போகட்டும்.

ஜாக்கி போடுவதற்கு முன்பே, சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளைத் தளர்த்துங்கள். பிடி உங்கள் இடது கைப்பக்கம் கிடைமட்டமாக இருக்கும்படி மாட்டினால், கீழே அழுத்தும்போது அது கழலும் திசை. காரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் காலால் அழுத்துங்கள். குதிக்கக் கூடாது. ஒரு சுற்று தளர்ந்தால் போதும். பிறகு ஜாக்கி. தூக்கிய காருக்கு அடியில் கை, கால் எதுவும் போகக் கூடாது.

மாட்டும்போது நட்டின் கூம்பு முனை சக்கரத்தைப் பார்த்து இருக்க வேண்டும். முதலில் கையால் சுற்றுங்கள், மரை பின்னாமல் ஏறும். மரையில் எண்ணெய் விடாதீர்கள். அடுத்தடுத்த நட்டை இறுக்காமல், ஒன்றை இறுக்கினால் அடுத்து அதற்கு எதிரே உள்ளதை இறுக்குங்கள். காரை இறக்கிய பிறகு கடைசி இறுக்கம். அப்போது குழாய் செருக வேண்டாம், ஏறி நிற்கவும் வேண்டாம். கழற்ற நீளம் உதவும், இறுக்கும்போது அதே நீளம் அளவு மீற வைக்கும். ஐம்பது, நூறு கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறை சரிபாருங்கள்.

டயர் கடையில் ஒன்று சொல்லுங்கள்: "கன்னால் லேசாக ஏற்றிவிட்டு, கடைசி இறுக்கம் கையால், முடிந்தால் டார்க் ரெஞ்ச்சால் போடுங்கள்." சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். நான் சொல்கிறேன், செய்கிறார்கள்.

இடம் ஆபத்தாக இருந்தால் எதையும் கழற்றாதீர்கள். 1033 என்பது தேசிய நெடுஞ்சாலை உதவி எண். கூப்பிட்டுவிட்டுத் தள்ளி நில்லுங்கள். டயர் போனால் போகட்டும்.

கதையின் கடைசி அத்தியாயம் ஒன்று இருக்கிறது. 2020-இல் மத்திய அரசு விதியைத் திருத்தியது. டயர் காற்றழுத்தத்தைக் காட்டும் கருவியும், பஞ்சர் சரிசெய்யும் பெட்டியும் இருந்தால் காரில் ஸ்டெப்னி கட்டாயமில்லை. புதுக் கார்கள் சில அப்படித்தான் வருகின்றன. லனெல்லித் தெருவிலிருந்து வந்த சொல்லுக்கு, உங்கள் பேரப்பிள்ளைகள் காலத்தில் பொருள் இல்லாமல் போகலாம். ஆகவே உங்கள் காரில் ஸ்டெப்னி இருக்கிறதா என்று முதலில் திறந்து பாருங்கள். பலருக்குத் தெரியாது.

வீட்டுப்பாடம் கொடுக்காமல் விட்டால் நான் உங்கள் டீச்சர் இல்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலில், பகல் வெளிச்சத்தில், ஒரே ஒரு நட்டைத் தளர்த்தி மறுபடி இறுக்கிப் பாருங்கள். கழலவில்லையா, நல்லது, வாசலிலேயே தெரிந்துகொண்டீர்கள். வீட்டில் கார் ஓட்டும் பெண்கள் கையால் செய்யட்டும். அண்ணனும் மாப்பிள்ளையும் பக்கத்தில் நின்று பார்த்தால் போதும்.

அந்த ராத்திரிக்குப் பிறகு நான் ஒரு நீட்டும் ஸ்பேனர் வாங்கி மகள் காரில் வைத்தேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவள் நட்டு தளர்த்துகிறாள், நான் பேத்தியோடு திண்ணையில் உட்கார்ந்து பார்க்கிறேன். போன முறை பேத்தி கேட்டாள், "அம்மாச்சி, ஏன் குச்சி இவ்ளோ நீளம்?" என்று. கடப்பாரையையும் செங்கல்லையும் எடுத்துவரச் சொன்னேன்.

பத்திரமாக ஊர் வந்து சேருங்கள். வரும் வழியில் வீட்டுக்கு வந்து ஒரு வாய் காபி குடித்துவிட்டுப் போங்கள்.

அன்புடன்,
உங்கள் நெம்புகோல் டீச்சர்